வேலி எத்தனை வருஷம் நிற்கணும்

முதல் தடவை நைனாவை, என் அப்பாவை, வீட்டுக்குக் கூட்டிவந்தது ஒரு கண்டெய்னர் லாரி டிரைவர். வண்டியை ஹைவே ஓரமாக நிறுத்திவிட்டு, நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் தெருவின் கடைசி வரைக்கும் நடந்தே வந்திருந்தார். நான் முதல் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யம்மா, இவரு உங்காளா? ரோட்டு நடுவுல நின்னுக்கினு என் வண்டிக்கி கை காட்றாரு. பஸ்ஸுன்னு நெனச்சிக்கினாரு போல. பிரேக்கு மட்டும் புடிக்கலன்னா…"

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்றேன், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

நைனாவின் சட்டை தோளில் கிழிந்திருந்தது. இரண்டு உள்ளங்கையிலும் ரத்தம். எங்கள் மனையைச் சுற்றி முள்கம்பிதான் கட்டியிருந்தோம். அதைக் கையால் அழுத்திப் பிடித்துத் தாண்டியிருக்கிறார். ராத்திரி ஷிப்ட் முடிந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. நான் கையைக் கழுவி மருந்து வைத்தபோது நைனா முகம் சுளிக்கவே இல்லை.

"பஸ்ஸு போயிடுச்சா?" என்று கேட்டார்.

நைனா கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையில் லோடுமேனாக இருந்தவர். அதற்கு முன்னால் பொன்னேரி பக்கம் அவரும் அம்மாவும் பிறத்தியார் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். வேலையிலிருந்து நின்று பல வருஷம் ஆகிவிட்டது. அம்மா போன பிறகு எங்களோடு வந்து இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக மறதி வந்தது. முதலில் ஆட்களின் பெயர் போனது. அப்புறம் பாத்ரூம் எந்தப் பக்கம் என்பது போனது. கடைசியில் டூட்டி மட்டும் மிச்சம் இருந்தது. எங்கள் தெருமுனையில் கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஷிப்ட் ஆள் ஏற்ற வரும். ஹாரன் கேட்டதும் எழுந்துவிடுவார். சாப்பாட்டுத் தட்டு பாதியில் இருக்கும், லுங்கி அவிழ்ந்திருக்கும், எதுவும் பொருட்டில்லை. போக வேண்டும்.

திருவள்ளூரில் காட்டிய டாக்டர் சொன்னது இதுதான். "ரூம்ல போட்டு பூட்டாதீங்க. இன்னும் மோசமாவாரு. நடக்கட்டும். ஆனா ரோட்டுக்கு வுட்றாதீங்க."

நடக்கவும் வேண்டும், ரோட்டுக்குப் போகவும் கூடாது. பஸ்ஸில் திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர், "அப்போ வேலிதான்" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

முள்கம்பியை அன்றைக்கே அறுத்துப் போட்டோம். கம்பி வலை கட்டலாம் என்று ஒரு ஆளைக் கூப்பிட்டோம். அவர் மாதிரிக்கு ஒரு துண்டு வலையை இழுத்துக் கட்டிக் காட்டினார். நைனா போய் அதை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கத் தொடங்கினார். கம்பெனி கேட்டை உலுக்குவதுபோல. ஜலங் ஜலங் என்று அந்தச் சத்தம் அவரை இன்னும் ஏற்றிவிட்டது. வலை ஆள் அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனார். சுவர் எழுப்பலாம் என்றால் எங்கள் மண் ஏரி மண். மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். பக்கத்து மனைக்காரர் எழுப்பிய சுவர் ஒரே மழைக்காலத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. அதோடு, வெளியே பார்க்க முடியாவிட்டால் நைனாவுக்கு மூச்சு முட்டிவிடும். ஜன்னலைச் சாத்தினாலே தட்டுகிறவர் அவர்.

மரம்தான் சரி என்று எனக்குப் பட்டது. சந்து விட்டு அடித்தால் தெருவைப் பார்க்கலாம். கையைக் கிழிக்காது. சாய்ந்தால் தாங்கும்.

ஞாயிற்றுக்கிழமை நைனாவை எதிர் வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பைக்கில் கிளம்பினோம். முதலில் சிப்காட் பக்கம். மெஷின் வந்திறங்கும் மரப்பெட்டிகளையும், அடியில் வைக்கும் பேலட் பலகைகளையும் உடைத்து விற்கும் இடங்கள் அங்கே நிறைய. வெளிநாட்டுப் பைன் மரம், வெள்ளையாக, இழைத்ததுபோல வழவழவென்று. "சூடு பண்ணி வந்த மரம், பூச்சி புடிக்காது" என்றார் அங்கிருந்தவர். சூடு பண்ணுவது கப்பலில் பூச்சி வராமல் இருக்க. நம் மண்ணில் நட்டு மழையில் நனைந்தால் அந்தச் சூடு எதற்கு உதவும்? நான் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நகம் பதிந்தது.

அங்கிருந்து பொன்னேரி. மரவாடியில் சவுக்குக் கழிகள் மலைபோல் அடுக்கியிருந்தன. தைலமரக் கழிகளும். அப்புறம் சோழவரம் தாண்டி செங்குன்றம் போகிற வழியில் ஒரு பழைய மரக்கடை. இடித்த வீடுகளின் கதவு, நிலை, உத்தரம் எல்லாம் திறந்த வெளியில் கிடந்தன. கடைக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கையால் உட்காரச் சொல்லிவிட்டு, "இன்னாத்துக்கு மரம்?" என்றார்.

"வேலிக்கு," என்றார் என் வீட்டுக்காரர்.

"எத்தினி வருஷம் நிக்கணும்?"

வியாபாரத்துக்குக் கேட்கிற சாதாரணக் கேள்வி. சவுக்கு என்றால் ஒன்று, தேக்கு என்றால் ஒன்று. என் வீட்டுக்காரர் சும்மா, யோசிக்காமல், "மூணு வருஷம் நின்னா போதும்ணே," என்று சொல்லிவிட்டார்.

கடைக்காரர் தலையாட்டினார். "அப்ப எங்கிட்ட வரவே தேவல. சவுக்கு நட்டுட்டு போ."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கடையின் பின்பக்கம் போய் ஒரு உடைந்த ஜன்னல் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று வருஷம். எதற்கு மூன்று? யார் கணக்குப் போட்டது? வேலி யாருக்கு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அது எவ்வளவு நாள் வேண்டும் என்று சொன்னால் என்ன சொன்னதாக ஆகும் என்று அவருக்குத் தெரியாதா?

பைக்கில் திரும்பும்போது சோழவரம் ஏரிக்கரை வரைக்கும் அடக்கிக்கொண்டு வந்தேன். அப்புறம் அடக்க முடியாமல் கேட்டேன்.

"மூணு வருஷத்துல நைனாவுக்கு இன்னா ஆவும்னு சொல்றீங்க?"

"நான் இன்னா சொன்னேன்?"

"மூணு வருஷம் போதும்னு சொன்னீங்க."

அவர் வண்டியை ஓரம் கட்டினார். லாரிகள் எங்களை உரசிக்கொண்டு போயின. "நான் சவுக்க நெனச்சி சொன்னேன்மே. மாமாவ நெனச்சி சொல்லல."

"நெனைக்காம எப்படி வாயில வந்துது?"

அவர் வண்டியை மறுபடி கிளப்பினார். எனக்கு அவரை விட்டுவிட மனமில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் சோறு, ஷிப்ட், சாவி, இது மூன்றைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம்.

இருக்கிற மரத்திலேயே நெடுநாள் நிற்கிற மரத்தைத்தான் நடுவேன் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. தேர்வாய் கண்டிகை கம்பெனியில் நான் பார்க்கும் வேலையே தரம் பார்ப்பது. வரும் ரப்பர் பாகங்களை எடுத்து அளந்து, வளைத்து, ஓகே இது, ரிஜெக்ட் இது என்று பிரிப்பது. மரத்துக்கு மட்டும் ஏன் யாரோ சொல்வதை நம்ப வேண்டும்? அடுத்த வாரம் தனியாகப் போய் எல்லாக் கடையிலும் ஒவ்வொரு துண்டு கேட்டு வாங்கி வந்தேன். சவுக்கு, தைலம், பைன், வேம்பு, இளந்தேக்கு, பழைய வீட்டில் கூரை தாங்கிய பனஞ்சட்டம் ஒன்று. பாத்ரூம் தண்ணீர் போகிற இடத்தில், கறையான் புற்று வைக்கும் ஈர மண்ணில் எல்லாவற்றையும் பாதி புதைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன். தினமும் ஷிப்டுக்குப் போகும் முன்னால் சாக்கைத் தூக்கிப் பார்ப்பேன். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்ப்பேன்.

என் வீட்டுக்காரர் பல் துலக்கியபடி பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் பொறுக்காமல் சொன்னார்: "நீ மரத்துக்கு பரீட்ச வெச்சிக்கினு இரு. அதுக்குள்ள அவரு லாரிக்கி அடியில போயிடப் போறாரு."

அவர் சொன்னது தப்பில்லை. அதுதான் என்னை அரித்தது. கறையானுக்கு அவசரமில்லை. எனக்கு இருந்தது. மெஷின் முன்னால் நின்றுகொண்டிருக்கும்போது கை பாகத்தை அளக்கும், மனசு தெருமுனையில் நிற்கும். லைனில் போன் அனுமதி கிடையாது. பிரேக் விட்டதும் லாக்கருக்கு ஓடுவேன். எதிர் வீட்டு அக்கா எடுக்க இரண்டு ரிங் கூட ஆனால் எனக்குக் காது அடைத்துவிடும்.

நைனா வேறு என் பரீட்சையில் கை வைத்தார். ஒருநாள் வந்து பார்த்தால் சாக்குக்குக் கீழே ஒன்றுமே இல்லை. எல்லாத் துண்டுகளையும் பிடுங்கி, மண்ணைத் தட்டி, வாசலில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். "லோடு ரெடி. வண்டிய சொல்லு," என்றார். நல்லவேளை, ஒவ்வொன்றிலும் கம்பெனி மார்க்கரால் எழுத்துப் போட்டிருந்தேன். சிரித்துக்கொண்டேதான் மறுபடி புதைத்தேன்.

பார்த்தவரைக்கும் விஷயம் இதுதான். பைன் ஊறிப்போய் நார் நாராக வந்துவிட்டது. சவுக்கின் பட்டைக்குள் கறையான் மண்கோடு போட்டு ஏறியிருந்தது, தட்டினால் பொத்தென்று கேட்டது. தைலம் நெடுக வெடித்திருந்தது. வேம்பு பரவாயில்லை, ஓரத்தில் மட்டும் அரிப்பு. இளந்தேக்கில் வெளுத்த பகுதியைத் தின்றுவிட்டு நடுவில் இருந்த பழுப்பை விட்டிருந்தது. தேக்கு என்ற பெயருக்கு மதிப்புக் கொடுத்தால் ஏமாந்திருப்போம். பனஞ்சட்டத்தில் உள்பக்கச் சோறு மாதிரியான பகுதி மட்டும் கொஞ்சம் போயிருந்தது. கறுத்த பக்கம் அப்படியே இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் வழுக்கியது.

பனை என்று முடிவு செய்தேன். நேராக நட்டு நிறுத்தப் பனை, குறுக்கே வேம்பு. தரையைத் தொடாத இடத்தில் நெடுக்குப் பட்டைகளுக்குப் பேலட் பலகை போதும், பெயிண்ட் அடித்தால் தாங்கும். பச்சைப் பனையை வெட்ட அனுமதி வேண்டும், வெட்டவும் மனமில்லை. இடித்த வீட்டுச் சட்டங்கள்தான் வேண்டும். செங்குன்றம் ரோட்டுக் கடைக்காரரிடம் சொல்லி வைத்தேன். "ஓட்டு ஊடு இடிச்சா வரும்மா. இப்ப அவ்ளோவா இடிக்க இன்னா கீது? பொறுமையா இரு," என்றார்.

பொறுமையாக இருக்க முடியவில்லை. மறு வாரமே நைனா மறுபடி போய்விட்டார். இந்தத் தடவை ரயில்வே கேட் பக்கம் யாரோ பார்த்து உட்கார வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர்தான் போய்க் கூட்டிவந்தார். வண்டியிலிருந்து நைனாவை இறக்கியவரின் கண் கலங்கியிருந்தது. உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு, நேராகச் செங்குன்றம் ரோட்டுக்குப் போய்க் கடைக்காரரிடம் இருந்த பனஞ்சட்டம் எல்லாவற்றையும் டாட்டா ஏஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு சாயங்காலமே வந்துவிட்டார்.

"தெருப்பக்கத்துக்கும் ரெண்டு சைடுக்கும் சரியா வரும்," என்றார். "பின்னாடிக்கி இல்ல. பின்னாடி வயல்தானே. இப்போதிக்கி சவுக்கு நட்டுக்கலாம்."

நான் சரி என்றேன். அவர் வாயிலிருந்து 'இப்போதிக்கி' என்று வந்ததைக் கவனித்தேன். எவ்வளவு காலம் என்று இந்த முறை அவர் சொல்லவில்லை.

இரண்டு பேரும் லீவு போட்டோம். பனஞ்சட்டத்தின் அடியைத் தீயில் வாட்டித் தார் பூசினோம். குழியில் சிமெண்டு ஊற்ற வேண்டாம், தண்ணீர் தேங்கி மரம் அதிலேயே ஊறும் என்று என் வீட்டுக்காரர் ஜல்லி போட்டு இடித்தார். மரம் எப்போதும் தரை மட்டத்தில்தான் முதலில் போகும். மண்ணும் காற்றும் ஈரமும் சேர்கிற இடம் அது. அங்கே ஒரு சாண் உயரத்துக்குத் தாரைக் கூடுதலாகப் பூசினோம். தலையைச் சரிவாகச் சீவினோம், மழைத் தண்ணீர் வழிந்து போக.

நைனா முதலில் தூர நின்று பார்த்தார். தார் வாசனையா, கடப்பாரைச் சத்தமா தெரியாது, கொஞ்ச நேரத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினார். நான் தடுக்கப் போனேன். "வுடு," என்றார் என் வீட்டுக்காரர். நைனா இடிக்க ஆரம்பித்தார். மெதுவாக, ஒரே தாளத்தில். வியர்வை ஓடியது. பஸ் ஹாரன் கேட்டது. தலையைத் தூக்கவில்லை. அவர் அப்போது டூட்டியில் இருந்தார்.

சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் வீட்டுக்காரரிடம், "மேஸ்திரி, நாளைக்கி வேல கீதா?" என்று கேட்டார்.

"கீது மாமா. வாங்க," என்றார் அவர்.

அன்றைக்கு நைனா இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். நான் வாசல் படியில் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நைனா வெளியே போகக் கூடாதென்று கட்டுகிற வேலியை அவரே தன் கையால் நட்டிருந்தார்.

வேலி முடிந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது. கறுப்புக் கால்கள், நீலப் பட்டைகள். தெருவில் போகிறவர்கள் நின்று என்ன மரம் என்று கேட்டார்கள். முடிந்த மறுநாள் காலை நைனா கடப்பாரையைத் தேடினார். "வேல முடிஞ்சிட்ச்சி நைனா," என்றேன். முகம் விழுந்துவிட்டது. ஹாரன் கேட்டதும் வாசல் கேட்டுக்குப் போய் நின்றார். பட்டைகளைப் பிடித்து உலுக்கினார், அசையவில்லை, சத்தமும் வரவில்லை. அப்புறம் வேலியைத் தொட்டுக்கொண்டே நடக்கத் தொடங்கினார். சுற்றிச் சுற்றி. ஒவ்வொரு கட்டையிலும் கை வைப்பார், அடுத்ததற்குப் போவார். பின்பக்கம், சைடு, கேட்டு, மறுபடி பின்பக்கம். டாக்டர் சொன்ன நடை அதுதான். நான் சமையல் கட்டிலிருந்து பார்ப்பேன். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அவர் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கு வந்து நிற்கும்போது என் கையில் இருக்கிற கரண்டி நின்றுவிடும்.

மழைக்காலம் வந்தது. வானம் பிளந்ததுபோல் பெய்து, ஏரி நிரம்பி, பின்னால் வயலில் நடவு ஆரம்பித்தது. அந்த நிலம் பக்கத்து ஊர்க் குடும்பத்துடையது. வீட்டம்மாவே நின்று வேலை பார்ப்பார். வரப்பில் போகும்போது எனக்கு ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் பழக்கம்.

நான் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிப் பஸ்ஸில் பாதி வழி போயிருப்பேன். அந்த அம்மா எதிர் வீட்டு அக்காவின் போனிலிருந்து கூப்பிட்டார்.

"யம்மா, பயப்படாத. உங்க நைனா எங்க கயினில கீறாரு."

கழனி என்றதற்குமேல் எனக்கு எதுவும் கேட்கவில்லை. டிரைவரிடம் சொல்லி இறங்கி, வந்த ஷேர் ஆட்டோவில் ஏறி, ஓடினேன். வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் சவுக்குக் கட்டைகள் இரண்டு தரையோடு ஒடிந்து வயல் பக்கம் சாய்ந்து கிடந்தன. தினமும் கை வைத்து, சாய்ந்து, நடந்து வந்த கட்டைகள். மழையில் ஊறியதும் விட்டுவிட்டன. என் வீட்டுக்காரர் அதற்குள் வயலுக்குள் இறங்கி நின்றிருந்தார். ஆனால் நைனாவைப் பிடித்து இழுக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

நைனா முழங்கால் சேற்றில் இருந்தார். தலையில் துண்டு. வரப்பிலிருந்து முடி முடியாகக் கட்டிய நாற்றுகளை எடுத்து, நட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாக வீசிக்கொண்டிருந்தார். சரியாக அவர்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில். ஒரு பெண், "தாத்தா, இந்த பக்கம் ஒண்ணு!" என்று கத்தினாள். நைனா திரும்பி அந்தப் பக்கம் ஒன்று வீசினார்.

"வந்து நின்னாரு," என்றார் வீட்டம்மா. "நான் சத்தம் போடலாம்னு பாத்தேன். அவரு பாட்டுக்கு நாத்து முடிய தூக்க ஆரம்பிச்சாரு. முன்னாடி கயினி வேல செஞ்சவரா?"

"ஆமாக்கா. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி."

"செய்யட்டும் வுடு. உக்கார சொன்னா உக்கார மாட்றாரு."

நான் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். யூனிபார்ம் பேண்ட் முழுக்கச் சேறு. ஷிப்ட் போனது போனதுதான். இங்கே மோட்டார் கொட்டகை எங்கே, திறந்த கிணறு ஏதாவது இருக்கிறதா, பாம்பு இருக்குமா, காய்ச்சல் வருமா என்று மனசு ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரரும் அதையேதான் தேடியிருக்கிறார். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "கெணறு இல்ல. போர்தான். அந்த மூலைல மட்டும் கால்வாய் ஆழம்."

நடவு ஆட்கள் டீக்கு ஏறியபோது நைனாவும் ஏறினார். டம்ளரை வாங்கிக் குடித்தார். என்னைப் பார்த்து, "நீ எந்த ஊரு?" என்று கேட்டார். கோபமில்லாமல், வேலைக்கு வந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவளிடம் கேட்பதுபோல. நான் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னேன். "அங்க என் பொண்ணு கீது," என்றார்.

மறுநாள் என் வீட்டுக்காரர் ஒடிந்த கட்டைகளைப் பிடுங்கினார். அந்த இடத்தில் பனை நட்டு அடைத்துவிடலாம் என்று அளவு எடுத்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்றேன்.

"அடைக்க வாணாம்," என்றேன். "ஒரு சின்ன கதவு வெக்கலாம்."

நிமிர்ந்து பார்த்தார். "எவ்ளோ நாளு நல்ல மரம் நல்ல மரம்னு சுத்தின. இப்ப கதவா?"

"அந்த பக்கம் ரோடு இல்லியே."

வீட்டம்மாவிடம் போய்க் கேட்டோம். "எங்க வரப்புல நடக்கறதுக்கு இன்னா? யாராவது கூட இருந்தா போதும்," என்றார். கதவுக்கு என்ன மரம் போடுவது என்று என் வீட்டுக்காரர் கேட்டபோது நான் கடைக்குக்கூடப் போகவில்லை. கனமில்லாததாகப் போடுங்கள், நைனா கைக்குத் திறக்க வர வேண்டும் என்றேன். மிச்சமிருந்த பலகையில் செய்து, உள்பக்கம் நாங்கள் மட்டும் அவிழ்க்கிற மாதிரி ஒரு கயிறு போட்டார். வெயில் தாழ்ந்ததும் வீட்டில் இருக்கிற ஆள் கயிற்றை அவிழ்ப்போம். நைனா கதவைத் தள்ளிக்கொண்டு முன்னால் போவார், நாங்கள் பின்னால். நாற்று பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். எலி வளையைக் காலால் மிதிப்பார். சில நாள் வழியில் நின்று விசும்புவார், எதற்கென்று தெரியாது. துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு நடப்போம்.

இப்போது கதிர் பால் பிடித்திருக்கிறது. நைனாவின் நடை தளர்ந்துவிட்டது. வரப்பில் பாதி தூரம் போய் உட்கார்ந்துவிடுகிறார். பனங்கால்கள் அசையாமல் நிற்கின்றன. அவற்றை உலுக்குவார் இல்லை.

இன்றைக்குக் காலையில் நான் கிளம்பும்போது அவர் விழித்திருந்தார். வெளியே ஹாரன் கேட்டது. எழுந்திருப்பார் என்று நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன், பழக்கத்தில். எழுந்திருக்கவில்லை. என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "டூட்டிக்கா?" என்றார்.

"ஆமா நைனா."

"போயிட்டு வா."

இத்தனை நாளில் அவர் என்னை அப்படி அனுப்பியதே இல்லை. நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். ஆனால் உட்கார முடியவில்லை. கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் வீட்டுக்குப் போன் போட்டேன். என் வீட்டுக்காரர் எடுத்தார்.

"இன்னா பண்றாரு?"

"இட்லி துன்றாரு."

"எழுந்திரிக்க பாத்தாரா?"

"இல்ல. சொம்மா உக்காந்துக்கினு கீறாரு."

வைத்துவிட்டேன். வண்டி தேர்வாய் கண்டிகை கேட்டுக்குள் திரும்பியது. போனை லாக்கரில் வைக்கும் முன்னால் இன்னொரு தடவை கூப்பிட்டேன்.